மசுங்கா தைத்த முகத்துணி

முகத்துணி தைக்க முகாபி ஊரில் மசுங்காவை விட்டால் ஆளில்லை என்று நான் சொன்னால் மற்ற தையல்காரிகள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். மெஷினை மிதிக்க யாருக்கும் தெரியும். பெரியவரின் கன்னத்தில் தையல் ஏறாமல், கண்ணில் பொத்தான் விழாமல், மூக்கு மடிப்புக்குள் போய்விடாமல், எண்பது பெண்களின் எண்பது விதமான உடம்பில் அவர் முகத்தை நெஞ்சுக்கு நேராக நிமிர்த்தி வைக்க அவளுக்கு மட்டும்தான் கை வந்தது.

பெரியவர் என்றால் எங்கள் ஜனாதிபதி. முப்பத்தெட்டு வருஷம் ஆண்டார். அவர் பதவிக்கு வந்த வருஷம் பிறந்த பிள்ளைகள் அவர் போகும்போது பேரன் பேத்தி எடுத்திருந்தார்கள். ரயில் பாதை போட்டார். அது எங்கள் பக்கம் வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு அடிக்கல் நாட்டினார்; கல் இன்னும் இருக்கிறது, நல்ல கல். ஆனால் வருஷம் தவறாமல் கட்சி விழாவுக்கு ஒரு மாதம் முன்னால், அவர் முகம் அச்சடித்த துணி லாரியில் வந்து இறங்கிவிடும். ஆளுக்கு ஆறு கஜம், இலவசம்.

துணிதான் இலவசம். அதற்கான விதிகள் கொஞ்சநஞ்சமல்ல. முகம் நெஞ்சில் ஒன்று வர வேண்டும், முதுகில் ஒன்று வர வேண்டும். தலைகீழாக வரக்கூடாது. இடுப்புக்குக் கீழே வரவே கூடாது. பழசானால் தரை துடைக்கக் கூடாது. பக்கத்து ஊரில் ஒருத்தி கிழிந்த முகத்துணியில் கருவாட்டைப் பொதிந்து வைத்ததற்குப் பதினோரு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தாள். வெளியே வந்தபின் அவள் கருவாடு தின்பதையே விட்டுவிட்டாள் என்று சொல்வார்கள். அதைச் சொல்லும்போது சிரிப்பார்கள், சிரித்துவிட்டுச் சுற்றிலும் பார்ப்பார்கள்.

மசுங்காவின் கதை துணியில் தொடங்கவில்லை, குரலில் தொடங்கியது. பெரியவர் ஆட்சிக்கு வந்த இரண்டாவது வருஷம், கட்சிக் காரியதரிசி திவாசா ஊர்ப் பெண்களைக் கூட்டி ஓர் ஆட்டக் குழு அமைத்தார். தலைவர்கள் வந்தால் விமானத் திடலில் ஆடிப் பாடி வரவேற்க வேண்டும். மசுங்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் துணி துவைப்பவர்கள் இந்தப் பக்கம் பாடுகிற அவளுக்குப் பதில் பாட்டுப் பாடுவார்கள், அப்படி ஒரு தொண்டை. பாட்டை எடுத்துக் கொடுக்கிறவள் அவள்தான் என்று திவாசா முதல் நாளே சொல்லிவிட்டார். மசுங்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் நிற்கிற இடத்தைக் காட்டினார்கள். பாட்டு எடுக்கிறவள் மேளக்காரர்களுக்குப் பக்கத்தில், கடைசி வரிசைக்கும் பின்னால். முன் வரிசை ஆட்டக்காரிகளுக்கு. முன் வரிசையின் நட்ட நடுவில் புவாங்கா.

இருவரும் ஒரே குலம், ஒரே வயது, ஒரே தெரு. புவாங்காவின் குரல் தகரத்தில் ஆணி உரசுகிற மாதிரி இருக்கும். ஆனால் அவள் நின்றாலே ஆட்டம் மாதிரி இருக்கும், நடந்தால் சந்தையில் பேரம் நின்றுபோகும். மசுங்கா பின்னாலிருந்து பாட்டை எடுப்பாள், முன்னால் புவாங்கா வாயை அசைப்பாள். பார்க்கிறவர்கள், "என்ன குரல்டா இந்தப் பொண்ணுக்கு!" என்று புவாங்காவைக் காட்டிச் சொல்வார்கள். அவள் மறுக்கவும் மாட்டாள், ஆமாம் என்று சொல்லவும் மாட்டாள். சும்மா சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் மசுங்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"உன் குரலத்தான் பாராட்டுறாங்க, விடேன்டீ" என்பாள் புவாங்கா.

"என் குரலப் பாராட்டுறாங்க, உன் மூஞ்சியப் பாத்துல்ல பாராட்டுறாங்க!"

"அப்ப மூஞ்சியக் குடுத்துரட்டா? இந்தா, எடுத்துக்க."

இப்படிப் பேசுகிறவளிடம் எப்படிச் சண்டை போடுவது? மசுங்கா வீட்டுக்குப் போய்க் கருகிய சட்டியைத் தேய் தேய் என்று தேய்ப்பாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஒரு முறை, ஒரே ஒரு முறை, கூட்டத்துக்கு நடுவில் தன் பெயரை யாராவது சத்தமாகச் சொல்ல வேண்டும். பாடினது மசுங்கா என்று. அதற்காகவே மாதா கோயில் பெண்களிடம் தையல் படித்தாள் என்றுகூடச் சொல்லலாம்; குழுவுக்குத் துணி தைத்தால் பெயர் வருமே என்று. தைத்தாள். நன்றாகவே தைத்தாள். பெரியவரின் முகம் பெண்களின் நெஞ்சில் அழகாக நின்றது. பார்த்தவர்கள் பெரியவரைப் பாராட்டினார்கள்.

ஏழாவது வருஷம் பெரியவரே முகாபிக்கு வருவதாகச் செய்தி வந்தது. ஊர் கலங்கிப் போயிற்று. ஆடுகளைக் கட்டினார்கள், சாலைக் குழிகளில் செம்மண் கொட்டினார்கள், குழந்தைகளுக்குத் தேசிய கீதம் சொல்லிக் கொடுத்தார்கள். துணி மட்டும் வரத் தாமதமாயிற்று. நான்கு நாள் இருக்கும்போதுதான் லாரி வந்தது. மசுங்கா மூன்று பெண்களை உதவிக்கு வைத்துக்கொண்டு, அவித்த மரவள்ளிக் கிழங்கை உட்கார்ந்து தின்ன நேரமில்லாமல் மெஷின் மேலேயே வைத்துக் கடித்துக்கொண்டு, எண்பது சட்டையும் எண்பது பாவாடையும் தைத்தாள்.

அந்த நாலு நாளில் ஒரு நாள் பிற்பகல் திவாசா வந்தார். மசுங்கா எழுந்து நின்றாள்.

"ஆட்டம் முடிஞ்சதும் பெரியவருக்குப் பூச்செண்டு குடுத்துத் தன் பேரச் சொல்றதுக்கு ஒரு பொம்பள வேணுமாம். தலைநகர்லேந்து சொல்லியிருக்காங்க" என்றார்.

மசுங்கா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். "யாரு?" என்றாள்.

"இதென்ன கேள்வி? புவாங்காதான். அவ சட்டைய மட்டும் நல்லாப் பாத்துத் தையி. பெரியவர் அவளத்தான் பக்கத்துல பாப்பாரு."

அவர் போன பிறகு மசுங்கா வெகுநேரம் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதவிக்கு வந்த பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். எதிரே புவாங்காவின் ஆறு கஜம் விரிந்து கிடந்தது. துணியில் பெரியவர் இருபது தடவை புன்னகைத்துக்கொண்டிருந்தார். மசுங்கா பாவாடைக்கு அளவு வைத்தாள். வழக்கமாக முகத்தை விட்டுவிட்டு இலை வேலைப்பாடு வருகிற இடமாகப் பார்த்துத்தான் பாவாடைக்கு வெட்டுவாள். அன்றைக்கு ஒரு முழுத் தலையை, கண்ணாடி, காது, கழுத்துப் பட்டி எல்லாம் சேர்த்து, பின்பாவாடைக்கு நடுவில் வருகிற மாதிரி வெட்டினாள். கை நடுங்கவில்லை. அதுதான் அவளைப் பிறகு நிறைய நாள் பயமுறுத்தியது.

மேல்சட்டையைக் கொஞ்சம் நீளமாகத் தைத்தாள். நின்றால் சட்டை அந்த இடத்தை மறைக்கும். கையைத் தூக்கினால் சட்டை மேலேறும், பெரியவர் எட்டிப் பார்ப்பார். எங்கள் தெற்குப் பக்கத்து ஆட்டத்தில் கடைசி அடிக்குக் கையை உயர்த்தி, விருந்தாளிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, இடுப்பை ஆட்டித்தான் முடிப்பார்கள். எங்களுக்கு அது மரியாதைதான். ஆனால் பெரியவரை அங்கே வைத்து ஆட்டினால் என்ன ஆகும் என்பதை மசுங்காவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கருவாட்டுக்கே பதினோரு மாதம்.

விழா நாள் காலையில் சட்டைகளைப் பங்கிட்டார்கள். விமானம் இறங்கியது. பெரியவர் எதிர்பார்த்ததைவிடக் குள்ளமாக இருந்தார். மசுங்கா மேளத்துக்குப் பக்கத்தில் நின்று பாட்டை எடுத்தாள். குரல் கண்ணாடி மாதிரி வந்தது. கடைசி அடி வந்தது. எண்பது பெண்கள் கையைத் தூக்கித் திரும்பினார்கள். புவாங்காவும் திரும்பினாள். சட்டை மேலேறியது.

மேளம் நின்றுவிட்டது. மேளக்காரர்கள் அடிப்பதை மறந்துவிட்டார்கள். புவாங்கா நிற்கவில்லை, அவள் பாட்டுக்கு ஆட்டிக்கொண்டிருந்தாள். பெரியவரின் மூக்குக்கண்ணாடி இடமும் வலமும் போய்வந்தது, கன்னம் உப்பியது, ஒடுங்கியது. திவாசாவின் முகம் சாம்பல் பூத்துவிட்டது. ஒரு காவலர் முன்னால் ஓடி வந்தார்.

அப்போது பெரியவர் சிரித்தார். லேசாக அல்ல, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து மந்திரியின் தோளில் சாய்ந்து சிரித்தார். அவர் சிரித்ததும் மந்திரிகள் சிரித்தார்கள், காவலர் சிரித்தார், திவாசா அழுதுகொண்டே சிரித்தார். பெரியவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"மத்த ஊர்ல எல்லாம் என்னைய முன்னால வெச்சுக்கிட்டுப் பின்னால திட்டுறாங்க. முகாபியிலதான் பின்னாலயும் என்னையவே வெச்சிருக்காங்க! இந்த அம்மா பேரு என்ன?"

புவாங்கா மூச்சு வாங்கச் சொன்னாள். பெரியவர் அதை ஒலிபெருக்கியில் திருப்பிச் சொன்னார். "புவாங்கா!" திடலே கத்தியது. "புவாங்கா! புவாங்கா!" ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டதாம். மசுங்கா மேளத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு அதைக் கேட்டாள். அவளும் கத்தினாள், கத்தாமல் நிற்க முடியுமா?

அதற்குப் பிறகு புவாங்காவுக்கு நடந்ததை எல்லாம் ஊரே அறியும். மூன்றாம் மாதம் சிமெண்டு வீடு. ஆறாம் மாதம் அவள் புருஷனுக்கு வன இலாகாவில் நாற்காலி. பிறகு ஒரு குளிர்ப்பெட்டி வந்தது. அப்போது முகாபியில் மின்சாரம் இல்லை. புவாங்கா அதற்குள் துணிமணிகளை மடித்து வைத்தாள். பூச்சி அரிக்காத நல்ல பெட்டி என்றாள். மின்சாரமில்லாத குளிர்ப்பெட்டிக்காகக்கூடப் பொறாமைப்பட்ட பெண் உலகத்திலேயே மசுங்கா ஒருத்தியாகத்தான் இருப்பாள். அப்புறம் மாகாண மகளிர் அணித் தலைவி, அப்புறம் இரண்டு தடவை சட்டசபை. அடுத்த வருஷம் முதல் எங்கள் ஊர்க் குழுவுக்கு மட்டும் பாவாடையின் பின்பக்கத்தில் ஒரு முகம் கூடுதலாக வைக்க அனுமதி வந்தது, எழுத்து மூலமாக, முத்திரையோடு. எண்பது பெண்களுக்கும் மசுங்காதான் வைத்துத் தைத்தாள்.

சொல்லவும் முடியாது, மெல்லவும் முடியாது. 'அந்த வீடு என் கத்தரிக்கோல் கட்டிய வீடு' என்று தினமும் அந்த வழியாகப் போகும்போது நினைப்பாள். சொன்னால், ஏன் அப்படி வெட்டினாய் என்று கேட்பார்களே! கை தவறிவிட்டது என்று சொல்லலாம். ஆனால் கை தவறுகிறவள் என்று பெயர் எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஊரில் அதைப் புவாங்காவின் துணிச்சல் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். அவளாகத்தான் அப்படித் தைக்கச் சொன்னாளாம். புவாங்கா இதற்கும் ஆமாம் இல்லை என்று சொல்லவில்லை. சிரித்தாள்.

பலகட்சித் தேர்தல் கேட்டு இளைஞர்கள் தெருவில் இறங்கிய வருஷம், முகத்துணிகளைச் சந்தையில் குவித்துக் கொளுத்தினார்கள். புவாங்காவின் ஜன்னல்களைக் கல்லால் உடைத்தார்கள். மசுங்கா தன் வீட்டு வாசலில் நின்று அந்தக் கண்ணாடிச் சத்தத்தை ரசித்துக் கேட்டாள். சாயங்காலம் பின்கட்டு வழியாக வந்து நின்றது யார் என்றால், புவாங்கா.

"ஒன்பது நாள் இருந்துக்கறேன்டீ. குலத்துக்காரி வீட்ட விட்டா வேற எங்க போவேன்?"

ஒன்பது நாளும் மசுங்கா புகை போட்ட மீனும், எண்ணெய்ப்பனைப் பழத்தை இடித்து வைக்கிற பனங்கொட்டைக் குழம்பும் வைத்துப் போட்டாள். ஒளித்து வைத்த விருந்தாளியைப் பார்க்க இரண்டாம் நாளிலிருந்தே ஊர் வரத் தொடங்கியது. கல் எறிந்த பையன்களில் இருவர்கூட வந்து, "அத்த, பெரியவர் சிரிச்ச கதயக் கொஞ்சம் சொல்லேன்" என்று கேட்டார்கள். புவாங்கா மசுங்காவின் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னாள். அவர்களுக்குக் கரும்புக் கள் ஊற்றிக் கொடுத்தது மசுங்கா.

தெரு அடங்கியது, பெரியவர் பதவியில் அப்படியே இருந்தார்; அவர் முகாபிக்கு வந்துபோய் முப்பத்தொரு வருஷம் ஓடியது. ஒரு நாள் காலை வானொலியில் பாட்டு இல்லாமல் வெறும் சோக வாத்தியம் மட்டும் வந்தது. சந்தையில் தராசுகள் நின்றன. பெரியவர் வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். திட்டினவர்களும் அழுதார்கள். வேறு ஜனாதிபதியையே பார்க்காத ஊர். எப்படி அழாமல் இருக்கும்?

தலைநகரில் நடக்கிற இறுதிச் சடங்கில் மாகாணத்துக்கு ஒருத்தி வீதம் சவப்பெட்டி முன்னால் நின்று ஒப்பாரி வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. எங்கள் மாகாணத்துக்குப் புவாங்கா. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் புவாங்காவுக்குச் சர்க்கரை வியாதியில் கால் தூண் மாதிரி வீங்கியிருந்தது. நாலு அடி நடக்க முடியாது. மசுங்காவைக் கூப்பிட்டனுப்பினாள்.

"நீ போ" என்றாள். "நான் போனாலும் என்ன பாடுவேன்? என் குரல் உனக்குத் தெரியாததா?"

முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாகப் புவாங்கா தன் குரலின் லட்சணத்தை ஒத்துக்கொண்டாள். அதுவும் சாட்சிக்கு யாரும் இல்லாதபோது. அதற்கும் எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் கிளம்பினாள். அவள் காத்திருந்த அந்த ஒரு முறை இதுதான். நாடு முழுவதும் கேட்க, 'மசுங்கா' என்று சொல்வார்கள்.

இரண்டு நாள் லாரிப் பயணம். மைதானத்தில் வெளிநாட்டு ஜனாதிபதிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பட்டியலை வைத்திருந்த உயரமான பெண்ணிடம் மசுங்கா போய்ச் சொன்னாள்.

"புவாங்கா வரல. அவளுக்குப் பதிலா நான். பேரு மசுங்கா. எழுதிக்கங்க."

"பட்டியல் மந்திரி ஆபீஸ்ல கையெழுத்தானது. மாத்த முடியாதும்மா. யாரு கவனிக்கப் போறாங்க? போய் நில்லுங்க."

"நான் கவனிப்பேனே!" என்றாள் மசுங்கா. அந்தப் பெண் அதற்குள் அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.

முறை வந்தது. ஒலிபெருக்கி அறிவித்தது: "முகாபியின் புகழ்பெற்ற திருமதி புவாங்கா அவர்கள்!" தெற்கத்திக்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் பெரிய ஓலம் எழுந்தது. மசுங்கா சவப்பெட்டி முன்னால் நின்றாள்.

எங்களிடம் ஒப்பாரிக்கு ஒரு முறை உண்டு. அழுகிறவள் முதலில் தாய் வழிக் குலத்தையும் தாயின் பெயரையும் தன் பெயரையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கூப்பிடுவது யார் என்று செத்தவருக்குத் தெரியாது. பிறகு தனக்கும் அவருக்கும் நடுவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கொடுத்த கடனோ, போட்ட சண்டையோ, கேலியோ எதுவானாலும் சரி, உண்மையாக இருக்க வேண்டும். அப்படி ஒன்றும் இல்லாமல் அழுதால் அது கூலிக்கு அழுகிற அழுகை. மசுங்கா யோசித்துப் பார்த்தாள். அந்த மனிதருக்கும் அவளுக்கும் நடுவில் என்ன இருந்தது? அவர் அவளைப் பார்த்ததே இல்லை. ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வாயைத் திறந்தாள்.

"பூம்வெலி குலத்துப் பொண்ணு நான், திபுண்டியோட மக நான்! புவாங்கான்னு சொன்னாங்க, நம்பாதீங்க பெரியவரே! அவ கால் வீங்கி ஊருல கெடக்கா, கூப்புடுறவ மசுங்கா, மசுங்கா!

முப்பத்தஞ்சு வருஷம் உங்க மூஞ்சியத் தச்சேனே, ஒரு நாள் நீ யாருன்னு கேட்டீங்களா? நெஞ்சுல வெச்சேன், முதுகுல வெச்சேன், திரும்பிப் பாத்தீங்களா? பொறாம தாங்காம ஒரு நாள் புவாங்கா குண்டியில வெச்சேனே, அன்னைக்குத்தானே சிரிச்சீங்க!

வீடு அவளுக்கு, பேரு அவளுக்கு, வெட்டுன கை என் கையி! நான் வெச்ச எடத்துல நீங்க சிரிச்சீங்க, அவள எதுக்குக் கூப்பிட்டீங்க!"

தெற்கத்திப் பக்கம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரு கிழவர் 'ஹோ' என்று சிரித்தார். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. அழுதுகொண்டே சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே தலையில் அடித்துக்கொண்டார்கள். வடக்கத்திக்காரர்கள் என்ன என்ன என்று கேட்டார்கள். மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல அந்தப் பக்கமும் சிரிப்பு பரவியது. பெரியவரின் மூத்த சகோதரி கறுப்பு முக்காட்டுக்குள் குலுங்கினாள். வெளிநாட்டு ஜனாதிபதிகள் என்னவென்று புரியாமல் கைக்குட்டையை எடுத்தார்கள். மசுங்கா கடைசி வரி வரைக்கும் பாடி முடித்தாள். அவள் குரல் அவ்வளவு நன்றாக என்றைக்கும் இருந்ததில்லை.

ஊருக்குத் திரும்பும்போது வழியில் ஒவ்வொரு லாரி நிறுத்தத்திலும் ஆள் நின்றிருந்தது. "நீதானா அது? குண்டியில வெச்சவ?" என்று கேட்டு வாழைப்பழமும் அவித்த மீனும் கொடுத்தார்கள். முகாபியில் இறங்கினதும் ஊரே கத்தியது. "மசுங்கா! மசுங்கா!" மேளக்காரர்கள் அடித்தார்கள். அவள் ஐம்பத்தைந்து வயதில், வீங்கின கண்ணோடு, புழுதி படிந்த தலையோடு, ஒரு சுற்று ஆடினாள். அந்த ஒரு பகல் முழுவதும் அவளுக்கு உலகத்தில் யார்மேலும் பொறாமை இல்லை. எனக்குத் தெரிந்து அவள் வாழ்க்கையில் அப்படி இருந்த பகல் அது ஒன்றுதான்.

கூட்டம் அவளை அப்படியே புவாங்காவின் வீட்டுக்கு இழுத்துப் போயிற்று. என்ன நடக்கப் போகிறது என்று பார்க்க வேண்டுமே! புவாங்கா முன்னறையில் காலைத் தலையணை மேல் நீட்டி உட்கார்ந்திருந்தாள். வானொலியில் எல்லாம் கேட்டிருந்தாள். அறை நிறைந்தது, ஜன்னலில் தலைகள் முளைத்தன.

"வாடீ" என்றாள். "நல்லாப் பாடுனியாமே. நானும் கேட்டேன். அந்தக் கடைசி இழுப்பு, ஐயோ, எனக்கே அழுக வந்துருச்சு."

"கேட்டதுல்ல? அப்பத் தெரிஞ்சுதா, யாரு செஞ்ச வேலன்னு?"

"அது எனக்கு அன்னைக்கே தெரியுமே."

ஜன்னலில் இருந்த தலைகள் இன்னும் உள்ளே நீண்டன.

"காலைல சட்டைய மாட்டிக்கிட்டு ஒரு தடவ கையத் தூக்கிப் பாத்தேன்" என்றாள் புவாங்கா, கூட்டத்தைப் பார்த்து. "என் நாத்தனார் பின்னால நின்னவ, 'அடிப்பாவி, உன் குண்டியில பெரியவர் இருக்காரு, கழட்டு கழட்டு'ன்னு அலறுனா. மாத்திக்க அர மணி நேரம் இருந்துச்சு. பழைய பாவாட இருந்துச்சு. நான் யோசிச்சேன். நெஞ்சுல அவர வெச்சுக்கிட்டு நிக்கிறவ எழுபத்தொம்பது பேரு. போற ஊர்ல எல்லாம் இதையேதான பாக்குறாரு மனுஷன்! ஒண்ணு ஜெயிலு, இல்லன்னா சிமெண்டு வீடு. இருக்கட்டும், ஆடிப் பாத்துருவோம்னு போனேன்."

"பொய்!" என்று கத்தினாள் மசுங்கா. "உன் நாத்தனார் செத்துப் பதினாறு வருஷம் ஆச்சு!"

"அவ செத்துட்டா நான் சொல்றது பொய்யாயிருமா?"

ஜன்னலில் இருந்த ஒருவன் கை தட்டினான். அதற்குப் பிறகு எல்லோரும் தட்டினார்கள். "தெரிஞ்சே போட்டுக்கிட்டுப் போயிருக்கா பாரு!" "என்ன நெஞ்சழுத்தம்!" "அதனாலதான்டா மேளம் நின்ன பிறகும் நிக்காம ஆடுனா!" அந்தக் கடைசிப் பேச்சு மசுங்காவின் காதில் நின்றது. ஆமாம், மேளம் நின்ற பிறகும் புவாங்கா ஆடிக்கொண்டுதான் இருந்தாள். அது பொய்யில்லை, மசுங்காவே பார்த்திருந்தாள். கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகப் புவாங்காவின் நாற்காலியைச் சுற்றி நெருங்கிவிட்டது. மசுங்கா கதவோரம் நின்றாள். மேளக்காரர்கள்தான் அவளுக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

பொழுது சாய்வதற்குள் எல்லோரும் கலைந்தார்கள். மசுங்கா மட்டும் போகவில்லை. புவாங்கா அவளை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினாள். இவள் உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்கட்டா?" என்றாள் புவாங்கா, இப்போது மெதுவாக. "அன்னைக்கு அவரு சிரிக்காம இருந்திருந்தா?"

முப்பத்தொரு வருஷத்தில் மசுங்கா அதை நினைக்காமல் இல்லை. நினைத்துத்தானே வெட்டினாள்! இப்போது பொய் சொல்ல அவளிடம் ஒன்றும் மிச்சம் இல்லை.

"உள்ள போட்டிருப்பாங்க" என்றாள். "நான் தெனமும் சோறு கொண்டாந்திருப்பேன்."

"தெரியும்டீ" என்றாள் புவாங்கா. "நல்லா வக்கணையா சமைச்சுத்தான் கொண்டாந்திருப்ப." சொல்லிவிட்டுச் சிரித்தாள். கேலியே இல்லாத சிரிப்பு. நாளைக்கு வரும்போது கொஞ்சம் பனங்கொட்டைக் குழம்பு கொண்டு வா, இந்த மருமகளுக்கு வைக்கத் தெரியவில்லை என்றாள்.

மசுங்கா தெருவில் இறங்கி நடந்தாள். மன்னிப்பு அவள் கேட்கவில்லை. கேட்பதற்குள் புவாங்கா கொடுத்துவிட்டாள், அதுவும் எப்போதோ, இவளுக்குத் தெரியாமலே. எப்படி ஒருத்தியால் அப்படி இருக்க முடிகிறது என்று நினைத்தபோது, வாழ்நாளில் அந்தச் சிமெண்டு வீட்டுக்கும் அந்தக் குளிர்ப்பெட்டிக்கும் எரியாத அளவுக்கு அவளுக்கு வயிறு எரிந்தது.